இருக்கலாம்

வாடை தொடங்கி மூன்றாம் நாள்
கொத்து எழும்பவில்லை.
மறுகா எழும்பினான்,
முன்கால் இரண்டையும் ஊன்றி,
பின்பக்கத்தை வேறு யாருடையதோ மூட்டைபோல
இழுத்துக்கொண்டு.
நாலு எட்டு வைத்ததும் நடை சரியாகிவிட்டது.
மழையில் நின்ற என் ஓட்டோவும்
விடியலில் இப்படித்தான்,
மூன்று தரம் இழுத்தால்தான் பிடிக்கும்.
நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகொரு நாள் நாவற்குடாச் சந்தியில்
பின் சீற்றில் ஏறப் பார்த்து,
ஏறாமல்,
முன்சில்லை மணந்துகொண்டு நின்றான்,
அதற்காகத்தான் வந்தவன்போல.
ஒன்பது வருடம் பாய்ந்து ஏறிய நாய்.
வெட்கத்தை மறைக்கத் தெரிந்த நாய்.

டொக்டர் ஷிப்னா, ஊர் ஏறாவூர்.
இடுப்பைப் பிடித்து
முழங்காலை மடித்து, நீட்டி,
என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.
தோலுக்குள்ளே காய்ந்த ஓலை
மிதிபட்டது.
"மூட்டுவாதமா இருக்கலாம்.
படம் பிடிச்சாத்தான் நிச்சயம்,
அந்த மெசின் இஞ்ச இல்ல."

இருக்கலாம்.
அந்தச் சொல்லோடு பழகிய வீடு எங்களுடையது.
பெரியண்ணனுக்கும் அதைத்தான் சொன்னார்கள்
கச்சேரியில், முகாமில், சாத்திரியார் வீட்டில்.
பதினெட்டு வருடம்
தலைமாட்டில் வைத்துப் படுத்தெழும்புகிறோம்.
ஆனால் இந்த இருக்கலாமுக்கு
செய்வதற்கு ஏதோ இருந்தது.

முதலில் நிறை.
தனியே தராசில் நிற்கமாட்டான்.
மில்லில் நெல் நிறுக்கும் தட்டில்
அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன்:
தொண்ணூற்றாறு.
அவனை இறக்கிவிட்டு நான் மட்டும்: அறுபத்தெட்டு.
பெடியன்கள் இரண்டாவது எண்ணுக்குத்தான் சிரித்தார்கள்.
இருபத்தெட்டு கிலோ,
இருபத்துமூன்றுக்கு வரவேணும்.
கொத்துரொட்டிக் கடையின் பின்னால் பிறந்து
தகட்டில் இரும்பு தட்டும் சத்தத்துக்குக்
கண் திறந்தவன்.
அவனுக்கு ரொட்டியை நிறுத்தச் சொல்வது
கோயிலை மாறச் சொல்வது மாதிரி.
கடை முதலாளி இம்தியாஸிடம் சொல்லிவைத்தேன்.
தலையாட்டினார்.
நான் திரும்பியதும் போட்டார்.

பார்மசி நிரோஜன்
பனடோல் பாதி உடைத்துத் தந்தான்.
"எல்லா நோவும் ஒண்டுதானே அக்கா."
ஒன்றில்லை.
டொக்டர் விரல் நீட்டிச் சொன்னது அதைத்தான்:
மனிசருடைய குளிசை நாய்க்கு நஞ்சு,
தான் எழுதித் தந்ததைத் தவிர எதுவும் வேண்டாம்.
அந்தப் பாதியை
என் தலையிடிக்கு நானே விழுங்கினேன்.

வெறும் சீமெந்தில் படுக்கவிடவில்லை.
சாக்குக்கு மேல் சாக்கு,
அதற்கு மேல் பழைய சீற் பஞ்சு.
நிலம் வழுக்காதிருக்க நகம் வெட்டினேன்,
ஒரு நகத்துக்கு ஒரு சண்டை.
நடையை மட்டும் நிறுத்தக்கூடாதாம்.
காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து,
கல்லடிப் பழைய பாலத்தில்
தூண்டில்காரர் வாளிகளை ஒவ்வொன்றாக விசாரித்து.
அவன் நின்றால் நானும் நின்றேன்.
ஹயர் இரண்டு போனது.

மீன்பெட்டிப் பலகையில்
தும்புக் கால்மிதியை அறைந்து
ஓட்டோவுக்கு ஒரு சரிவு செய்தேன்.
பார்த்தான்.
சுற்றிப் போனான்.
பொரித்த சூடையை நடுவில் வைத்தேன்,
பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டித் தின்றான்.
பதினொரு நாள் இப்படி.
கோபத்தில் ஒருநாள் பலகையை எடுக்காமலே
படுக்கப் போய்விட்டேன்.

அன்றிரவு கரண்ட் இல்லை, நல்ல மழை.
விடிய வந்து பார்த்தால்
தும்பில் ஈரக் காலடிகள், மேல்நோக்கி மட்டும்.
பின் சீற் முழுக்கத் தண்ணீர், மயிர், நாற்றம்,
நடுவில் கொத்து.
யாரும் பார்க்காத நேரத்தில் ஏறியிருக்கிறான்.
நான் அவனை எழுப்பவில்லை,
பாராட்டவுமில்லை.

முதல் ஹயர், பெரியாஸ்பத்திரிக்கு.
முழங்காலைப் பிடித்தபடி ஒரு மனிசி.
பலகையை எடுக்கக் குனிந்தேன்.
"அது கிடக்கட்டும் பிள்ள" என்று சொல்லி,
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து
தும்பில் மிதித்து
மெல்ல மெல்ல ஏறினா.
பலகை கிறீச்சிட்டது.
கொத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.
இடம் விடவில்லை.